கால்மாட்டில் பூனை

சங்கிலிபூதத்தான் கயிற்றுக் கட்டிலில் படுக்க வந்தால், நடுவில் கிடக்கும் பூனை எழுந்து கால்மாட்டுக்குப் போய்விடும். அவர் கணுக்காலில் தலையை வைத்துத்தான் தூங்கும். வேறு யாருக்கும் அது இடம் கொடுத்ததில்லை, அவர் மனைவி வடிவம்மாளுக்குக்கூட. அப்படி ஒரு வீம்பு.

தொண்ணூற்றிரண்டாம் வருட வெள்ளத்தில், வாழைத்தோட்டத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வடிவம்மாள் தாலியைக் கழற்றவில்லை. பூனை கட்டிலின் நடுவிலேயே கிடந்தது.

தை பிறந்த பிறகு அவள் அண்ணன் தேவேந்திரன் வந்தார்.

"எத்தன நாளைக்கு இப்பிடியே இருப்ப, தாயி? காரியத்த முடிச்சிருவோம்."

அவள் உள்ளே போய்க் கணவருடைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வைக்கோலில் உருவம் செய்து, அந்த வேட்டியைச் சுற்றி ஆற்றங்கரையில் எரித்தார்கள். அங்கேயே தாலியையும் கழற்றினார்கள்.

குளித்துவிட்டு வீடு திரும்பியதும் தேவேந்திரன் களைப்போடு கட்டிலில் உட்காரப் போனார். வெறுங்கழுத்தோடு நின்ற வடிவம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"அங்கன உக்காராதிய அண்ணே. அவுக படுத்திருக்காவ."

அவர் திரும்பிப் பார்த்தார். பூனை கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலை மட்டும் கயிற்றில் படாமல், ஒரு கணுக்கால் உயரத்தில் இருந்தது.