வேறு வழியே இல்லை

காலையிலிருந்து பதினோராவது தடவையாக முட்டைக்காரரின் வேன் மார்க்கெட் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனது. உள்ளே பேருக்குக்கூட ஒரு முட்டை இல்லை.

முதல் ஐந்து நடைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார். ஆறாவது நடைக்கு அவிழ்த்தார். ஒன்பதாவதில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பச்சைத் துண்டைத் தொங்கவிட்டு, வண்டியே மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

எல்லாம், ரோட்டு முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடைக்கடியில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் தாளில் கோடு கிழித்து எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்காகத்தான்.

மாநிலம் நாலுகால் பாய்ச்சலில் வளர்கிறது என்று அந்த முனையில்தான் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டுக்கு இருப்பது இரண்டே கால். அதிலும் ஒன்று பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது.

அந்தப் பள்ளங்களில் முட்டைக்காரருக்கு நடைக்கு இரண்டு அட்டை முட்டை காலி. உடைந்ததெல்லாம் வீட்டுக்குத்தான் வரும். மூன்று வருஷமாக அந்த வீட்டு அடுப்பில் வேறு எதுவும் ஏறியதாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா உங்க பொண்ணு கொக்கரிக்க ஆரம்பிச்சிடுவா," என்று நேற்றுகூட மனைவி தட்டை நங்கென்று வைத்தாள். மார்க்கெட் கடைக்காரர்களோ அதற்கும் மேல். இனி உடைந்த முட்டை வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியாயிற்று. ரோடு வராவிட்டால் அவர் தொழிலுக்கே மூடுவிழா.

அதனால்தான் காலையில் நாற்காலியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, பாய்ந்து இறங்கினார்.

"சார், ரோட்டு விஷயமா வந்திருக்கீங்களா?"

"ஆமா சார், இந்த ரோட்டுக்குத்தான்."

"வண்டி நிறைய போனா?"

"நிறைய போனா இங்கேயே வரும். கம்மியா போனா வேற ஊருக்குப் போயிடும்."

அவ்வளவுதான். அன்றைக்கு வியாபாரத்துக்கு விடுமுறை விட்டார். மச்சானுக்குப் போன் போட்டார். அவன் பைக்கில் பறந்து வந்து மூன்று சுற்று சுற்றினான்.

"தம்பி, ரெண்டு சக்கரம் கணக்குல வராது," என்றார் கோடு கிழிப்பவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மச்சான் யாரிடமோ கெஞ்சி ஒரு ஓட்டைக் காரை வாங்கிவந்தான். அதற்கு ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும்.

"மாமா, தலை சுத்துது. இது எத்தனாவது ரவுண்டு?"

"எண்ணுறதுக்கு அங்க ஆள் இருக்குடா. நீ ஓட்டு."

மதியம் மனைவியே தூக்கு நிறைய ஆம்லெட்டோடு வந்துவிட்டாள். தன் வீட்டில் யாரும் தொடாததைக் கோடு கிழிப்பவர் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது ஆம்லெட்டில் அவர் கேட்டார்: "ஆமா, இந்த ரோட்டைத் தொடாம மார்க்கெட்டுக்குப் போக சுத்து வழி ஏதாவது இருக்கா?"

முட்டைக்காரர் அவசரமாக இன்னொரு ஆம்லெட்டை எடுத்து நீட்டினார். மரக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அவசரமென்றால் பாதி ஊர் அதில்தான் புகுந்து போகும். அதைச் சொன்னால், அப்புறம் எதற்கு உங்களுக்குத் தனியாக ரோடு என்று கேட்டுவிட மாட்டாரா?

"சுத்து வழியா? வேற வழியே இல்ல சார்! எங்க போனாலும் இதுல வந்துதான் ஆகணும்," என்று சொல்லிக்கொண்டே மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மச்சான் கெட்டிக்காரன். பத்தாவது நிமிஷம் அந்தச் சந்து வாயில் காரைக் குறுக்கே நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, கையில் ஸ்பேனரோடு சோகமாக நின்றான்.

பிறகென்ன, ஊரே மார்க்கெட் ரோட்டுக்குத் திரும்பியது. லாரி, வேன், கார் எல்லாம் போர்டு வரைக்கும் வரிசை கட்டின. கோடு கிழிப்பவர் கையை உதறிவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். முட்டைக்காரர் ஓடிப்போய்த் தன் பேனாவையும் கொடுத்தார்.

சாயங்காலம் குடையை மடக்கும்போது அந்த மனிதரின் முகமெல்லாம் பல்.

"இந்த மாதிரி இடம் நான் பாத்ததே இல்ல சார். கண்டிப்பா இங்கேதான். எழுதிட்டேன்."

"எத்தனை வழி சார்? நாலா? ஆறா?"

"எட்டு. போக நாலு, வர நாலு."

மூன்று வருஷத்தில் முதல்தடவையாக மனைவி முட்டைக்காரரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் ஒரு நாளைக்கு எட்டு நடை அடிக்கிறவன் சார். என்னைத்தான் நீங்க மொதல்ல நெனைக்கணும்," என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

"பின்னே? உங்களை மாதிரி ஆளுங்களை நம்பித்தானே சார் நாங்க இருக்கோம்."

நாற்காலியைக் கட்டிக்கொண்டு அவர் தன் பைக்கை உதைத்தார். மனைவிதான் ஓடிவந்து கேட்டாள்: "சார், ரோடு வேலை எப்ப ஆரம்பிப்பீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ரோடா? அது வரும்போது வரும்மா. மொதல்ல டோல்கேட்."