காலை இறக்கவும்

ஓட்டிவந்த லாரி கவிழ்ந்தபோது பூவரசியின் இடுப்பு மூட்டு நழுவியது. அன்றிலிருந்து, மூட்டைக் கண்காணிக்க லாரி கம்பெனி கொடுத்த பேசும் பட்டை அவள் இடுப்பில் இருக்கிறது. குனிந்தால் கத்தும். குந்தினால் கத்தும். எலும்பில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டைதான் ஒப்புக்கொள்ளவில்லை.

சங்ககிரி அலுவலகத்தில் மேலாளர் தனசேகர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“ரெண்டு வருசத்துல மூட்டு தேஞ்சுரும்னு பட்டை சொல்லுது. வண்டி தர முடியாது. கேன்டீன்ல உக்காந்து டோக்கன் கிழி.”

“டாக்டரு ஓட்டலாம்னுட்டாருங்.”

“டாக்டர் இன்னைக்கு இருக்கறதச் சொல்றாரு. பட்டை நாளைக்கு நடக்கறதச் சொல்லுது.”

“எனக்கு இன்னைக்குத்தானுங் வண்டி வேணும்.”

யாரும் சொல்லாமலே பூவரசி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடிபட்ட வலது காலைத் தூக்கி இடது கால்மேல் போட்டாள். வலிக்கவில்லை.

“காலை இறக்கவும்” என்று பட்டை அலறியது.

“என் முன்னாடியே கால்மேல் கால் போடறியா? இறக்கு!” என்றார் தனசேகர்.

“எது கழண்டுக்கும்னு பயப்படறீங்? என்ற இடுப்பா, உங்க மரியாதையா?”

வாசலில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். “அப்படியே ஆட்டுக்கா!” என்றான் ஒருவன். அவள் காலை ஆட்டினாள்.

“காலை இறக்கவும். காலை இறக்கவும்.” அறை முழுக்க அதே குரல். தனசேகரின் கால் தானாகக் கீழே இறங்கியது.

பூவரசி காலை ஆட்டிக்கொண்டே கையை நீட்டினாள்.

“சாவி.”