ரொட்டி வாயோடு ஒரு பல்லவி
டென்னசியின் ஞாயிறு மதிய வெயில் சாப்பாட்டு மேசை மேல் விழுகிறது. வார்லீன் தட்டை ஒதுக்கிவிட்டு, தான் கட்டிய புதுப் பாட்டைக் கிடாரோடு பாடுகிறாள். இந்தப் பாட்டுக்காரக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பாராட்டுவதில்லை. பிடித்தால் தாங்களும் சேர்ந்து பாடுவார்கள், பிடிக்காவிட்டால் சாப்பிடுவார்கள். பல்லவி முடிகிறது. அண்ணன் ஹாய்ட் சோளரொட்டி அடைத்த வாயோடு கேட்கிறான்: "ரெக்கார்டு கம்பெனிக்காரன் மாத்தச் சொன்னது இந்தப் பல்லவியத்தானே?" கிடாரை நிறுத்தாமலே சொல்கிறாள்: "ஆமா. மாட்டேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்." "திமிருடி உனக்கு!" பல்லவி மறுபடி வருகிறது. அப்பாவின் முள்கரண்டி தட்டோரத்தில் தாளம் போடுகிறது. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மேலே ஏறிச் சேர்கிறது. கடைசியில் ஹாய்டும் பாடுகிறான், ரொட்டித் தூள் தெறிக்க. வார்லீன் பாடுவதை விட்டுக் கிடாரை மட்டும் வாசிக்கிறாள். பாட்டு நிற்கவில்லை.