நீலமா, மஞ்சளா

மகளின் அறைச் சுவருக்கு எதிரே என் வீட்டுக்காரர் நின்றார். நான் சுவரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பெயிண்டர் வந்து, மாதிரிக்கு இரண்டு சதுரங்கள் அடித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். ஜன்னல் பக்கம் கருநீலம். அலமாரி பக்கம் இளமஞ்சள்.

பள்ளிக்குக் கிளம்பும்வரை மகள் அப்பாவிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அலமாரி பக்கத்து மஞ்சள் வேண்டாமாம், ஜன்னல் பக்கத்து நீலம்தான் வேண்டுமாம்.

இவர் அவளுடைய பள்ளியில் வேன் ஓட்டுகிறவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில்தான் இருந்தார். பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது, திங்கட்கிழமை வண்டியை எடுக்கிறேன் என்று பள்ளியில் சொல்லியும்விட்டார்.

கடைசியாக டாக்டரைப் பார்க்கப் போனபோது என்னைக் கூட வர வேண்டாம் என்றார். அன்றிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை.

டம்ளருக்குள் விரல் நுனியை விட்டுக்கொண்டுதான் டீ ஊற்றுகிறார். வீட்டுக்கு யாராவது வந்தால், அவர்கள் வாயைத் திறக்கும்வரை காத்திருந்து அப்புறம்தான் சிரிக்கிறார். ஏதாவது கேட்டால், நான் எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கே தோன்றியது.

இப்போதும் அவர் தடுமாறவில்லை. ஓரடி பின்னால் போனார். கையைக் கட்டிக்கொண்டு, தலையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்த்து, துணிக்கடையில் புடவை பார்ப்பவர் போல நிதானமாகப் பார்த்தார்.

“அவ கேக்குற நீலம் ரூமையே இருட்டாக்கிடும். இந்த மஞ்சள்தான் கண்ணுக்கு இதமா இருக்கு. இதையே அடிக்கச் சொல்லிடு.”

சொல்லிவிட்டு, இனிமேலாவது நம்புவாயா என்பது போல என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

சரி என்றேன்.

அவர் ஹாலுக்குப் போய் டிவியைப் போட்டார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கு போன் செய்தேன். திங்கட்கிழமை வேனுக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னேன்.

ஏன் என்று கேட்டார்கள்.

அப்போதுதான் நான் சுவரைப் பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை வெறும் வெள்ளை.

மதியம் இவர் தூங்கிக்கொண்டிருந்தபோதே பெயிண்டரைத் திரும்பக் கூப்பிட்டு, இரண்டு சதுரங்களையும் மறைத்துவிடச் சொல்லியிருந்தேன். மஞ்சள் சட்டென்று மறைந்துவிட்டது. நீலம்தான் போக மாட்டேன் என்று கொஞ்ச நேரம் அடம் பிடித்தது.