ரெசின் ரகசியம்

ஹேமநாத் அன்று சிரிக்காமல் உட்கார்ந்திருக்கப் படாதபாடு பட்டான்.

ஆரணியில் ஒரு பாலிடெக்னிக்கின் பட்டறையில் சோதனை. சென்னையில் ட்ரோன் இறக்கை செய்யும் கம்பெனியிலிருந்து எஞ்சினியர் சூர்யகலா வந்திருந்தார். மேசைமேல் இரண்டு பட்டைகள். ஒன்று ஹேமநாத்தின் சரக்கில் செய்தது. மற்றது, கண்ணமங்கலம் சாலையில் இதே தொழில் செய்யும் சிவகுமாருடையது. எது அதிக எடை தாங்குகிறதோ, அதற்கு ஒரு வருட ஆர்டர்.

இரண்டு வருடமாக ஹேமநாத்தின் விசைத்தறியில் பட்டு ஓடவில்லை. கண்ணாடி இழைத் துணி ஓடியது. அதை ரெசின் என்ற ரசாயனப் பிசினில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, அரைவேக்காடாகச் சூடு காட்டி, சுருட்டி, பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் வைப்பான். வாங்குகிறவர்கள் அதை அடுக்கி முழுதாக வேகவைத்தால் இரும்பு மாதிரி நிற்க வேண்டும். இதுவரை இரண்டு முறை நிற்காமல் திரும்பி வந்துவிட்டது. மழைமேல் பழி போட்டான். கரண்ட்மேல் போட்டான். தன் செய்முறைமேல் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அது தங்கம் என்று அவன் நம்பியதற்கு ஒரே ஆதாரம், அதை ஒருவன் திருடப் பார்த்ததுதான்.

அந்த ஒருவன், மனைவி குணசுந்தரியின் தம்பி கிரண். ஹேமநாத்தின் தறிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். பத்து நாள் முன்பு, சார்ஜில் கிடந்த கிரணின் போனில் சிவகுமாரின் செய்தி மின்னியது: 'உங்க மாமா நோட்டு கெடச்சுதா?'

போலீசுக்குப் போயிருக்கலாம். போனால் குணசுந்தரி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அதனால் ஹேமநாத் மூளையை உபயோகித்தான். அவனுக்கு அது எப்போதும் ஆபத்தான வேலை.

நோட்டில் செய்முறை எழுதியிருந்த நிஜமான பக்கத்தை எடுத்து ஒளித்து வைத்தான். வேறொரு பக்கத்தில் ரெசின் எவ்வளவு, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கைக்கு வந்த எண்களையெல்லாம் கிறுக்கினான். ஐந்தே நிமிடம். மறுநாள் அந்தப் பக்கம் கிழிபட்டுக் காணாமல் போயிருந்தது. அன்று மதியம் சந்தோஷத்தில் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டான்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் சூர்யகலா.

பாரபட்சம் கூடாது என்று பெயருக்குப் பதில் நம்பர் ஒட்டியிருந்தார்கள். முதல் பட்டையின் நடுவில் கொக்கியை மாட்டி, எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். பதினெட்டாவது கிலோவில் 'படார்' என்று ஒடிந்தது.

ஹேமநாத்தால் அதற்குமேல் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தான். எழுந்துபோய் சிவகுமாரின் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

"வுடுங்க சிவகுமார். ரெசின் வேல எல்லாருக்கும் வராதுங்க. இதுக்குப் போயி பேஜாராவாதீங்க."

பின்னால் நின்ற கிரண், "மாமா, கொஞ்சம் ஒக்காருங்க" என்றான்.

இரண்டாம் பட்டை முப்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. பட்டறையிலிருந்த கற்களெல்லாம் தீர்ந்துபோயின. பட்டை லேசாக வளைந்து நின்றதே தவிர ஒடியவில்லை. ஹேமநாத்துக்குத் தன்னை நினைத்தாலே புல்லரித்தது.

எந்த நம்பர் யாருடையது என்று எழுதிய சீட்டை சூர்யகலா பிரித்தார்.

"ஒண்ணாம் நம்பர், ஹேமநாத். சார், ரெசின் ரொம்ப ஜாஸ்தி. துணி அதுல நனையணும், நீச்சலடிக்கக் கூடாது."

ஹேமநாத் தெரியாத்தனமாக இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். முகத்துக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ரெண்டாம் நம்பர், சிவகுமார். அளவு, சூடு, நேரம் எல்லாமே அவ்வளவு கச்சிதம். இப்படி ஒரு சரக்கு நான் பார்த்ததே இல்ல. யார் சார் கண்டுபிடிச்சது இந்தச் செய்முறைய?"

சிவகுமார் அடக்கமாகத் தரையைப் பார்த்தான். கிரண் அதைவிட அடக்கமாகக் கூரையைப் பார்த்தான்.

'நான்தான்!' என்று கத்த ஹேமநாத் வாயைத் திறந்தான். அப்படியானால் அளவைச் சொல்லுங்கள் என்று கேட்பார்களே, கிறுக்கிய எண்களில் ஒன்றுகூட நினைவில்லையே என்று தோன்றியதும் மூடிக்கொண்டான்.

எல்லோரும் சிவகுமாருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது, கிரணின் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போனான். அடி விழப்போகிறது என்று கிரண் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஹேமநாத் அவன் காதருகே குனிந்து சொன்னான்: "மச்சான், என் நோட்டுலேர்ந்து ஒரு பக்கத்த கிழிச்சிகினு போனியே, அத அந்த ஆளுக்குத் தெரியாம ஜல்தியா திருடிகினு வந்து குடுடா!"