ஒரு லட்சத்தைத் தொடுமா?

அஜந்தினியின் பெயரைச் சொல்லி மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள் நிறோஷினி. கண்ணை இறுக மூடி, உருகி உருகி மன்றாடினாள்.

"மாதாவே, அடுத்த ஞாயிறுக்குள்ளை அவளின்ரை பக்கம் ஒரு லட்சத்தைத் தொடப்படாது!"

வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? குடியேறிய ரண்டர்ஸ் நகரில் இருவரும் ஒரே காலத்தில்தான் சமையல் வீடியோ போடத் தொடங்கினார்கள். நிறோஷினியின் கணவாய்க் கறியைச் சொந்தக்காரர் மட்டும் பார்த்தார்கள். அஜந்தினி வெறும் பருப்பைத் தாளித்தாலும் கனடா வரைக்கும் கைதட்டினார்கள்.

போதாததற்கு, எது நடக்கும், எது நடக்காது என்று ஆட்கள் பந்தயம் கட்டும் இணையத்தளம் ஒன்றில் அஜந்தினியைப் பற்றியும் ஒரு கேள்வி திறந்துவிட்டார்கள். 'அஜந்தி அடுப்படி'யைப் பின்தொடர்வோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு லட்சத்தைத் தொடுவார்களா?

எண்ணிக்கை லட்சத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்றது. நிறோஷினி 'இல்லை' என்று கட்டினாள். புதுக் கமரா வாங்கச் சேர்த்த காசு முழுவதையும், புருஷனுக்குக் கூடத் தெரியாமல் கட்டினாள்.

புதன்கிழமை, சுப்பர்மார்க்கெட் வாசலில் அஜந்தினியே ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நிறோ அக்கா, நெஞ்சுக்கை வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு. உங்களிட்டை மட்டும் சொல்லுறன். நான் ஒண்டும் சமைக்கிறேல்லை. எல்லாம் என்ரை மனுசன் றொஜிதன்தான். வீடியோவிலை கிட்டவாக் காட்டேக்கை தெரியிறதும் அவரின்ரை கை. என்ரை மோதிரத்தைப் போட்டுவிடுவன்."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். அத்தனை அழுகைக்கும் கண்மை கொஞ்சமும் கலையவில்லை. என்ன விலை மையோ, அதையும் எந்தக் கம்பனியாவது சும்மா கொடுத்திருக்கும் என்று நிறோஷினிக்கு அதிலும் ஒரு எரிச்சல்.

"அழாதை பிள்ளை. என்ரை வாயிலையிருந்து ஒரு சொல்லு வராது."

காரில் ஏறிக் கதவைச் சாத்தினாளோ இல்லையோ, போனை எடுத்துவிட்டாள்.

"லூர்தம்மா அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ..."

அடுத்தது ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மச்சாள். பிறகு லண்டன். ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். 'பொய்க்காரியை இனி ஆர் பாக்கப்போகினம்?' என்று நினைக்கவே அவளுக்கு இனித்தது.

பார்த்தார்கள். ஐயோ, அப்படிப் பார்த்தார்கள்! அது பெண்ணின் கையா ஆணின் கையா என்று பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த வீடியோவில் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று விழுந்தடித்துப் பின்தொடர்ந்தார்கள்.

சனிக்கிழமையே லட்சம் தாண்டியது. கமராக் காசு போயே போய்விட்டது. நிறோஷினி குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோப்பிக்கு நின்றபோது, அஜந்தினி கேக்குத் தட்டோடு சிரித்துக்கொண்டு வந்தாள். நிறோஷினிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஆனாலும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள்.

"ஆரோ கதையைப் பரப்பிப் போட்டினம், பிள்ளை. றொஜிதன் பாவம். இனிச் சனத்துக்கு முன்னாலை எப்பிடிச் சமைப்பார்?"

"அவரோ? அவருக்குத் தேத்தண்ணி வைக்கவே தெரியாது."

நிறோஷினி கோப்பியைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் என்னட்டை அப்பிடிச் சொன்னனீ?"

அஜந்தினி பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"ஊரெல்லாம் தெரியவேணுமெண்டால், வேறை ஆரிட்டை அக்கா சொல்லுறது?"