அவள் தொட்டால் பற்றாத அடுப்பு

கணினிக் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்தவர்களின் கைக்கு எந்த எந்திரமும் இணங்காது; அவர்கள் கையை அடையாளம் கண்டு முடக்கும் தடைப்பூட்டு எல்லாவற்றிலும் உண்டு. சுபாஷிணி தொட்டால் வீட்டு அடுப்புகூடப் பற்றாது. நேற்று அவளுக்காக அடுப்பை மூட்டப் போன சிறுமியான மகள் அமுதினி கையைச் சுட்டுக்கொண்டாள்.

அந்தத் தடைப்பூட்டைச் செய்யும் நிறுவனமே சுபாஷிணிக்கு வேலையும் கொடுத்திருந்தது. பூட்டில் ஓட்டை தேட வேண்டும். அதற்கான கணினி மட்டும் அவள் கைக்கு இணங்கும்.

இன்று ஓட்டை அகப்பட்டது. அதன் வழியாகத் தன் வீட்டு அடுப்பை விடுவித்துக்கொள்ளலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மேலாளர் தினகர் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, தோத்துட்டீங்களா? நான் எழுதின பூட்டுல்ல! உங்கள மாதிரி ஆளுங்க தலைகீழா நின்னாலும் திறக்காது."

உங்கள மாதிரி ஆளுங்க. சுபாஷிணிக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"திறந்தாச்சு தம்பி. இந்தா பாரு, உன் பூட்டோட லட்சணம்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்றும் வங்கி அதிகாரி ஒருவன் ஏளனம் செய்ததைப் பொறுக்காமல்தான், வங்கிக் கணினியை உடைத்தது நான் என்று தானே சொல்லி மாட்டிக்கொண்டாள்.

தினகர் அவள் கண்ணெதிரிலேயே ஓட்டையை அடைத்தான். "நல்லவேளைக்கா. கண்ட கைதியும் நுழைஞ்சிருப்பான்."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிடத் தன் வாயை.

அந்த வேலைக் கணினியிலேயே மகள் அழைத்தாள். "பசிக்குதும்மா. அடுப்பப் பத்த வைக்கவா?"

"தொடாதடி!" சுபாஷிணி பல்லைக் கடித்தாள். "எதிர் வீட்டு அத்தையக் கூப்பிடு. நான் வந்து பத்த வைப்பேன்னு காத்திருக்காத."